கூடுதலாய் ஒரு சுற்று

என்ஜினை மூடுகிற நேரத்தில் அஸ்ஹரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. தலவாக்கலையில், நுவரெலியா ரோட்டோரம் இருந்த அவருடைய கராஜுக்கு வந்து, அவரை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிற ஆட்டோக்காரர்களுக்கு அது தெரியும். போல்டுகளைக் கழற்றும்போதே ஓர் அட்டையில் மூடியின் உருவத்தை வரைந்து, எந்த ஓட்டையிலிருந்து எது வந்ததோ அந்த இடத்தில் குத்தி வைப்பார். மூடும்போது ஓட்டைகளைத் துடைத்து, ஒவ்வொரு போல்டையும் விரலாலேயே திருகி உள்ளே விடுவார். விரலுக்கு வராததை ஸ்பேனரால் கட்டாயப்படுத்த மாட்டார். வெளியே எடுத்து அதன் திருகு வரிகளான மரையைப் பார்ப்பார். பிறகு எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டு வந்து, கடைசியில் டோர்க் ரென்ச்சை வைப்பார். குறித்த அளவு வந்ததும் அது 'டிக்' என்று சத்தம் போடும். அதற்குமேல் கை வைக்க மாட்டார். என்ஜின் கேஸ் அலுமினியம், போல்ட் இரும்பு. பலம் காட்டினால் சேதப்படுவது அலுமினியத்தில் வெட்டிய மரைதான். எல்லாம் முடிந்தபின் ஒவ்வொரு போல்டின் தலையிலிருந்தும் மூடிக்கு ஒரு சின்ன வெள்ளைக் கோடு இழுத்து விடுவார். பின்னால் எப்போதாவது போல்ட் அசைந்திருந்தால் கோடு விலகிக் காட்டிக் கொடுக்கும்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று ஜூனில் ஜெயகாந்தனுடைய ஆட்டோவுக்குக் கிளச் பிளேட் மாற்றியபோதும் அப்படித்தான் மூடினார்.

ஜெயகாந்தனுக்கு முப்பது வயது. வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகள் ஒன்றில் இருந்தான். அவன் மனைவி சுலக்ஷனா அதே தோட்டத்தில் பாலர் பாடசாலை ஆசிரியை. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அவள் முதல்முறையாக உண்டாகியிருந்தாள். அன்று கராஜில் காத்திருந்த மூன்று மணி நேரமும் அவன் அதையேதான் பேசிக்கொண்டிருந்தான். அஸ்ஹர் என்ஜினை மூட உட்கார்ந்ததும்தான் வாயை மூடினான்.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை அவன் போன் பண்ணினான். மூடியின் அடியில் எண்ணெய் கசிந்து ஈரமாக இருக்கிறதாம். அஸ்ஹர் அப்போது கண்டியில், மனைவி ரிஃப்னாவின் பெரியப்பாவுடைய மையத்து வீட்டில் நின்றுகொண்டிருந்தார். மூடிக்கு அடியில் வைக்கக் கடையில் வாங்கிய கேஸ்கட் சரியில்லாமல் இருந்திருக்கும், போல்டில் கை வைக்க வேண்டாம், எண்ணெய் மட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டு திங்கட்கிழமை வா என்று சொன்னார். சுற்றிலும் ஆட்கள் அழுதுகொண்டிருந்ததால் குரலைத் தணித்து அவசரமாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

திங்கட்கிழமை ஜெயகாந்தன் வரவில்லை. கசிவு நின்றுவிட்டது என்று ஒரு செய்தி மட்டும் அனுப்பியிருந்தான். அஸ்ஹரும் அதை அப்படியே விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சுலக்ஷனாவுக்கு வயிறு கல்லாக இறுகி, இரத்தம் போகத் தொடங்கியது. எட்டாம் மாதம். வாசலிலேயே ஆட்டோ நின்றதால் ஜெயகாந்தன் வேறு எதையும் யோசிக்கவில்லை. அவளைத் தூக்கிப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கினான். தோட்டத்து ரோட்டில் இரண்டு மைல் தாண்டி மூன்றாவது வளைவில் என்ஜின் ஒரு முறை கத்திவிட்டு இறுகி நின்றது. பின்னால் ரோடு நெடுக எண்ணெய்க் கோடு. அந்த வளைவில் போனுக்கு சிக்னல் கிடையாது. அவன் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஓடினான். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் மலையிலிருந்து இறங்கி வந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணிகளை அவிழ்த்து, ஆட்டோவுக்குள் சாரல் அடிக்காமல் சுற்றிப் பிடித்துக்கொண்டார்கள். கொழுந்து லொறி வர முக்கால் மணி நேரம் ஆனது.

ஆஸ்பத்திரியில் சுலக்ஷனாவை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது. பெண் குழந்தை. நஞ்சுக்கொடி முன்னாலேயே பிரிந்துவிட்டது, அரை மணி நேரம் முந்தி வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னார். ஜெயகாந்தன் அதைப் புரியாதவனைப் போல மூன்று முறை திரும்பக் கேட்டானாம்.

அன்றைக்கே யாரோ ஆட்டோவைக் கட்டி இழுத்து வந்து அஸ்ஹரின் கராஜில் விட்டுப் போயிருந்தார்கள். குழந்தை இறந்த சங்கதி அவருக்கு இன்னும் வந்து சேரவில்லை. மறுநாள் காலை சேற்றைக் கழுவிவிட்டு மூடியைப் பார்த்தார். கீழ்ப்பக்கத்து போல்ட் ஒன்றைக் காணோம். அதற்குப் பக்கத்தில் இருந்தது விரலுக்கே ஆடியது. மற்ற போல்டுகளில் வெள்ளைக் கோடு நேராக இருந்தது. இதில் மட்டும் தலையில் இருந்த கோடும் மூடியில் இருந்த கோடும் வெவ்வேறு திசையைப் பார்த்தன. போல்டை வெளியே இழுத்தார். அதன் மரை முழுக்க அலுமினியம், சுருள் சுருளாக, பென்சில் சீவினதைப் போல ஒட்டிக்கொண்டு வந்தது. தலையின் முனைகள் மழுங்கியிருந்தன.

தானாகத் தளர்ந்த போல்ட் இப்படி வராது. தளர்ந்தால் மரை சுத்தமாக இருக்கும். இது தளர்ந்ததல்ல. நீளமான பிடி போட்டு யாரோ அளவுக்கு மேல் இறுக்கி, மரை பெயர்ந்து, பிடிமானமே இல்லாமல் பேருக்கு உட்கார்ந்திருந்தது. என்ஜின் சூட்டிலும் ரோட்டு ஆட்டத்திலும் நாலைந்து நாளில் வெளியே வந்துவிட்டது. அந்த 'யாரோ' யார் என்று அஸ்ஹர் யோசிக்கவே தேவையில்லாமல் இருந்தது. இரண்டு வசை சொன்னார். போல்டை ஒரு ஜாம் போத்தலில் போட்டு மூடி வைத்தார், அவன் வந்ததும் காட்டி நாலு வார்த்தை ஏசுவதற்காக.

மத்தியானம்தான் யாரோ வந்து குழந்தை போன சங்கதியைச் சொன்னார்கள்.

ஆறாம் நாள் ஜெயகாந்தன் வந்தான். கூட ஸ்டாண்ட் ஆட்டோக்காரர்கள் நாலு பேர். சவரம் செய்யாத முகம், கண் எங்கேயும் நிற்கவில்லை. சத்தம் போடப்போகிறான் என்று அஸ்ஹர் எதிர்பார்த்தார். அவன் சத்தம் போடவில்லை.

“ஒங்கள நம்பித்தானே நானா வுட்டேன். ஒரு போல்ட்ட ஒழுங்கா இறுக்கியிருந்தா எம்புள்ள இருந்திருக்கும்.”

அவன் பொய் சொல்லவில்லை. மரை பெயர்வது என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது. அவன் நினைப்பில், அஸ்ஹர் தளர விட்ட போல்டை அவன் தன்னால் முடிந்தமட்டும் இறுக்கிப் பார்த்தான், அதுவும் போதாமல் போய்விட்டது. அஸ்ஹர் மேசைமேல் இருந்த போத்தலைப் பார்த்தார். அதை எடுத்து அந்த நாலு பேர் முன்னால் நீட்டியிருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். நீட்டுவதற்கு அவர் கை வரவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க இதைச் சொல்லக் கூடாது, வீட்டுக்குப் போய் அவனிடம் தனியாகச் சொல்வோம் என்று நினைத்தார். அந்த நேரத்தில் அவர் பேசாமல் நின்றதை வந்தவர்கள் வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போத்தலை ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வட்டகொடைக்குப் போனார். லயத்துக்கு ஏறுகிற படிக்கட்டிலேயே சுலக்ஷனா அவரைப் பார்த்துவிட்டாள். குளிராமல் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தாள். சால்வையால் நெஞ்சை இறுக்கிப் போர்த்தியிருந்தாள். அவரை மேலே வர விடாமல் இறங்கி வந்து, தண்ணீர் விழுகிற பீலிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

வந்தவுடனே கேட்டாள். “அவரு இறுக்கினதுலதானே நானா போச்சு?”

அஸ்ஹரின் கை ஜாக்கெட் பைக்குப் போனது. அவள் சொன்னாள். கசிவைக் கண்ட மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஜெயகாந்தன் ஸ்பேனரின் பிடியில் ஒரு துண்டு இரும்புப் பைப்பைச் சொருகி, காலை ஊன்றி இறுக்கினான். முதலில் முக்கி முக்கித் திருப்பினான், அப்புறம் திடீரென்று இலேசாகச் சுற்றியது. இப்போது நன்றாக உட்கார்ந்துவிட்டது என்று அவன் சிரித்தான். சுலக்ஷனாவின் அப்பா முத்துலிங்கம் தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டர். முக்கிக்கொண்டு வந்த போல்ட் சட்டென்று இலேசானால் மரை போய்விட்டது என்பது அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அன்றைக்கு வாயெடுத்துச் சொல்ல நினைத்தாள். அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தான். நாளைக்குச் சொல்லுவோம் என்று விட்டுவிட்டாள்.

“தெரிஞ்சிருந்தும் அந்த வண்டியிலயே ஏறினேன்” என்றாள். “வலி வந்தப்ப ஞாபகமே வரல.”

அஸ்ஹர் போத்தலை வெளியே எடுக்கவில்லை. ஆமாம் என்று மட்டும் சொன்னார். 

பிறகு முந்தாநாள் நடந்ததைச் சொன்னாள். ஜெயகாந்தன் பின்பக்கத்தில் புல்லுக்கு அடிக்கிற மருந்து போத்தலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் பறித்து ஊற்றிவிட்டாள். எண்ணெய் மட்டத்தைப் பார்க்காமல் விட்டோமே என்பதற்கே அப்படி. இறுக்கினதுதான் காரணம் என்று தெரிந்தால் ஒரு நாள்கூட இருக்க மாட்டான்.

“ஒங்க மேல கோவமா இருக்கும்போதுதான் நானா சாப்புடுறாரு. ஒங்களத் திட்டத்தான் எந்திரிச்சு ஒக்காருறாரு. இதக் கேக்க எனக்கு எந்த உரிமையும் இல்ல. அவருக்குத் தெரிய வேணாம்.”

“ஒங்களுக்கு?” என்று கேட்டார் அஸ்ஹர்.

“நான் தெரிஞ்சுக்கிட்டே இருப்பேன்” என்றாள் அவள்.

அவர் திரும்பி வந்தார். வழியில் அந்த மூன்றாவது வளைவில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். முதல் கசிவு தன்னுடைய கேஸ்கட்டால் வந்தது என்பதை அவர் மறக்கவில்லை. திங்கட்கிழமை வா என்றதற்குப் பதிலாக, வண்டியை நிறுத்தி வை, நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். கசிவு நின்றுவிட்டது என்று அவன் அனுப்பியபோது, கேஸ்கட் கசிவு தானாக நிற்காதே, என்ன செய்தாய் என்று கேட்டிருக்கலாம். இருபது வருஷ மெக்கானிக்குக் கேட்கத் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி.

என்ஜினைத் திருத்துவதற்கு இரண்டு வாரம் எடுத்தார். உள்ளே இறுகிப்போனவற்றையெல்லாம் மாற்றினார். பெயர்ந்த இரண்டு ஓட்டைகளையும் ஒரு சுற்றுப் பெரிதாகத் துளைத்து, புது மரை வெட்டி, அதற்குள் உருக்குக் கம்பிச் சுருளைத் திருகி இறக்கினார். பழைய அலுமினிய மரையைவிட அது உறுதி. புது கேஸ்கட்டைக் கொழும்பிலிருந்து வரவழைத்தார். மூடும்போது ஒவ்வொரு 'டிக்'கையும் இரண்டு முறை கேட்டார். வண்டியைக் கொண்டுபோக ஜெயகாந்தன் வரவில்லை, வேறு ஒருவனை அனுப்பினான். அஸ்ஹர் அவனிடம் கூலி வேண்டாம் என்றார். அதுதான் வினையாகிப் போனது. தப்புச் செய்யாதவன் ஏன் சும்மா திருத்திக் கொடுக்கிறான் என்று ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள்.

ஆட்டோக்கள் வருவது குறைந்தது. பிறகு நின்றுபோனது. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பில் படிக்கிற மகள் நதாவிடம் ஒரு பிள்ளை, ஒங்க வாப்பாதானே அந்தக் குழந்தையைக் கொன்றது என்று கேட்டிருக்கிறது. நதா இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதபோதுதான் தெரிந்தது.

அன்று ரிஃப்னா அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டாள். அவர் முதன்முறையாகச் சொன்னார். போத்தலையும் காட்டினார். அவள் அந்த போல்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நீங்க ஒங்கட பேரக் குடுத்தது சரி. எண்ட பேரயும் நதாட பேரயும் சேத்துக் குடுக்க ஒங்களுக்கு யாரு சென்ன?”

 அவள் கேட்டது நியாயம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் அவர் கராஜுக்குப் போனபின் ரிஃப்னா போத்தலைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலேறி வட்டகொடையில் இறங்கினாள். விசாரித்துக்கொண்டே மலையேறினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. லயத்துக்குப் பின்னால் தேயிலை முடிகிற இடத்தில் ஒரு சின்ன மண்மேடு. சுற்றிலும் வெள்ளைக் கற்கள் வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் சுலக்ஷனா குத்துக்காலிட்டு உட்கார்ந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஓர் ஆள் அவளுக்குக் குடை பிடித்தபடி நின்றான். குடை முழுக்க அவள் மேலேயே இருந்தது. அவன் தோளிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவள் நகர நகர அவனும் குடையோடு நகர்ந்தான்.

ரிஃப்னாவை அவன் முன்பின் பார்த்ததில்லை. யாரைத் தேடி வந்தீங்கக்கா என்று மரியாதையாகக் கேட்டான். அவள் பைக்குள் போத்தலைப் பிடித்திருந்தாள். லயம் மாறி வந்துவிட்டேன் என்று சொன்னாள். சுலக்ஷனா தலையைத் தூக்கி அவளையும் அவள் முக்காட்டையும் பையையும் பார்த்தாள். யாரென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கையில் பிடுங்கிய புல்லோடு அப்படியே இருந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

படி வழுக்கும் என்று சொல்லி ஜெயகாந்தன் ரிஃப்னாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு ரோடு வரைக்கும் கூட வந்தான். வழுக்குகிற இடத்தில் நின்று, பாத்து வாங்கக்கா என்றான். எந்த ஊர் என்று கேட்டதற்குத் தலவாக்கலை என்றாள்.  ரோட்டுக்கு வந்ததும், தனக்குத்தானே சொல்வதைப் போல, மகள் இருந்திருந்தால் இப்போது தொண்ணூறு நாள் என்றான்.

அஸ்ஹர் வீட்டுக்கு வந்தபோது அவள் நனைந்த உடுப்போடு சமையலறையில் இருந்தாள். போனேன் என்றாள். என்ன ஆனது என்று அவர் கேட்கவில்லை. சோறு போட்டு அவர் முன்னால் வைத்தபிறகு அவளே சொன்னாள்: “உள்ளதச் செல்லத்தான் போன. வாய் வரல்ல.” அந்த இரவு அவர்கள் சாப்பிடவில்லை. நதாவிடம் என்ன சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவளிடமும் உண்மையைச் சொல்லி, யாருக்கும் சொல்லாதே என்று கேட்பது அந்தப் பிள்ளை மேல் ஏற்றுகிற பாரம் என்று ரிஃப்னா சொன்னாள். கடைசியில், வாப்பா வேண்டுமென்று எந்தப் பிழையும் செய்யவில்லை என்று மட்டும் சொன்னார்கள். நதா அதை நம்பினாளா என்று அவர்களுக்குத் தெரியவே இல்லை.

வருஷக் கடைசியில் தலவாக்கலைக் கராஜை விட்டுவிட்டுக் கந்தப்பளைக்குப் போனார்கள். அங்கே மரக்கறித் தோட்டக்காரர்களின் தண்ணீர் மோட்டார்களையும் மருந்து தெளிக்கிற மெஷின்களையும் அஸ்ஹர் திருத்தினார். ஆட்டோக்களைத் தொடுவதில்லை. ரிஃப்னா அதைப் பற்றிப் பேசுவதில்லை, ஆனால் நதாவுக்குப் பள்ளிக்கூடம் மாற்றிய படிவங்களில் கையெழுத்து வைத்தபோது பேனாவை வீசிவிட்டு எழுந்து போனாள்.

இரண்டாயிரத்து இருபத்தைந்து சித்திரையில், சாமான் வாங்க நுவரெலியாவுக்குப் போயிருந்த அஸ்ஹரை பஸ் ஸ்டாண்டில் யாரோ நானா என்று கூப்பிட்டார்கள். சுலக்ஷனா. முகம் கொஞ்சம் சதை போட்டிருந்தது. ஆண் குழந்தை பிறந்து எட்டு மாதம் என்றாள். ஜெயகாந்தன் ஆட்டோவை விற்றுவிட்டு மரக்கறி லொறி ஓட்டுகிறான். குடிப்பதில்லை. பிள்ளையைத் தரையில் விடுவதில்லை.

“ராத்திரியில எந்திரிச்சு மூச்சு வருதான்னு பாக்குறாரு” என்றாள்.

அது நல்லதுதான் என்றார் அஸ்ஹர்.

 அவள் கீழே பார்த்துக்கொண்டு சொன்னாள். “இன்னும் ஒங்களத்தான் நானா திட்டுறாரு. புள்ள பொறந்த அன்னைக்கும் திட்டுனாரு. நான் பக்கத்துல இருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிரணும்னு வாய் வரைக்கும் வருது.”

“அவரு நல்லா இருக்காருதானே?”

“இருக்காரு.”

“அப்ப வுடுங்க தங்கச்சி.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எதிர்ப்பக்கத்துக் கடையிலிருந்து ஜெயகாந்தன் வந்தான். தோளில் பிள்ளை, நீலக் கம்பளித் தொப்பி. அஸ்ஹரைப் பார்த்ததும் நடு ரோட்டிலேயே நின்றுவிட்டான். பஸ் ஹோன் அடித்தது. அவன் பக்கத்தில் வந்து சுலக்ஷனாவின் கையைப் பிடித்தான்.  பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தது. ஜெயகாந்தன் தன் உள்ளங்கையால் அதன் முகத்தை மெதுவாகத் திருப்பித் தன் தோளுக்குள் வைத்து மூடிக்கொண்டான்.

சுலக்ஷனா திரும்பிப் பார்க்காமல் அவனோடு பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோர சீட் கிடைத்தும் உள்பக்கமாகவே உட்கார்ந்தாள். பஸ் புறப்பட்டு வளைவில் மறைகிற வரைக்கும் அஸ்ஹர் அங்கேயே நின்றார். பிறகு எதை வாங்க வந்தோம் என்பது மறந்துபோய், வெறுங்கையோடு கந்தப்பளை பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தார். அவர் முகத்தையும் வெறுங்கையையும் பார்த்து, யாரைப் பார்த்தீங்க என்று ரிஃப்னா கேட்டாள். பையன் பிறந்திருக்கிறான் என்று மட்டும் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள். கேட்க மறந்துவிட்டேன் என்று சொல்லி அஸ்ஹர் அழுதார்.